நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லா மாணவர்களும் பாலாற்றங்கரையில் பிறந்த ஒரு வழக்கைப் படித்தே ஆகவேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டை தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை இருந்த, தோல் பதனிடும் டேனரிகள் சுத்திகரிக்காமல் விட்ட கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்திருந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பில் மூன்று கோட்பாடுகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. முதலாவது, பெரும் தீங்கு நேரக்கூடும் என்றால் அதற்கு முழுமையான அறிவியல் உறுதி கிடைக்கும்வரை தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, தன் தொழிலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. மூன்றாவது, மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தரவேண்டும், கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும்.

இதே பள்ளத்தாக்கில் இன்று இன்னொரு தொழிலுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் தயாராகிறார்கள். 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யில், மென்பொருள் பொறியியலுக்கென்றே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.டெக். படிப்பு இருக்கிறது. பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தோல் வணிகர்களின் கொடையால் வளர்ந்த கல்விநிலையங்கள் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலேயே தொடங்கப்பட்டது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் கணினி படித்துவிட்டு, ஊர் வழியாகவே போகும் ரயிலில் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் நிரல் மொழிகள் உண்டு, தரவுத்தளம் உண்டு, செயற்கை நுண்ணறிவும் உண்டு. பாலாற்றுத் தீர்ப்பு சட்டக் கல்லூரியோடு நின்றுவிட்டது. ஆனால் அதன் மூன்று கோட்பாடுகளும் மென்பொருள் பொறியியலின் அடித்தளமாக இருக்கத் தக்கவை. அப்படி ஏன் சொல்கிறேன் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

நிரல் எழுதுவதும் பொறியியலும்

நிரல் எழுதத் தெரிந்தவரெல்லாம் மென்பொருள் பொறியாளர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை உலகம் உணர்ந்தது 1960களில். கணினிகள் வேகமாக வளர்ந்தன. அவற்றுக்கு எழுதிய பெரிய மென்பொருள்கள் சொன்ன நாளில் முடியவில்லை, சொன்ன செலவில் அடங்கவில்லை, முடிந்தபோதும் நம்பும்படி ஓடவில்லை. இதைப் பேசுவதற்காகவே 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு ஒரு மாநாட்டைக் கூட்டியது. மென்பொருள் பொறியியல் தனித் துறையாக வடிவம் பெற்றதை அந்த மாநாட்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்ற மாபெரும் திட்டத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தன் அனுபவத்தை 1975இல் புத்தகமாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய முடிவு இன்றும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. புதிதாக வருகிறவருக்கு வேலையைப் புரியவைக்க, ஏற்கெனவே வேலை பார்ப்பவரின் நேரம் போகும். ஆள் கூடக்கூட, ஒருவருக்கொருவர் பேசித் தெளியவேண்டிய விஷயங்கள் அதைவிட வேகமாகப் பெருகும்.

ஆக, பொறியாளரின் வேலை நிரல் எழுத உட்காருவதற்கு வெகுமுன்பே தொடங்குகிறது. பயன்படுத்தப்போகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டறிவது, அதை இரண்டு பொருள் வராதபடி எழுதிவைப்பது, பெரிய அமைப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது, சோதிப்பது, செய்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பதிவு வைப்பது, பல ஆண்டுகள் பராமரிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் துறை. இவற்றில் ஒன்று விட்டுப்போனால் உடனே எதுவும் ஆகிவிடாது. அதனால்தான் விட்டுவிட மனம் வருகிறது.

சோதித்துப் பார்த்தால் போதாதா?

பாலம் கட்டும் பொறியாளருக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. ஒரு பாலம் 10 டன்னையும் 20 டன்னையும் தாங்கினால், 15 டன்னையும் தாங்கும் என்று நம்பலாம். இரும்பும் சிமென்டும் படிப்படியாகத்தான் நடந்துகொள்ளும். மென்பொருளுக்கு இந்தக் குணம் கிடையாது. 255 என்ற எண்ணுக்குச் சரியாக ஓடும், 257க்கும் சரியாக ஓடும், நடுவில் 256க்கு மட்டும் தவறிவிடும்.

அப்படியானால் எல்லா எண்களையும் போட்டுச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் மிகச் சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கொடுக்கக்கூடிய இணைகளின் எண்ணிக்கை இரண்டின் 64ஆம் அடுக்கு. நொடிக்கு நூறு கோடி இணைகள் வீதம் சோதித்தாலும் முடிப்பதற்கு ஏறக்குறைய 585 ஆண்டுகள் ஆகும். ஒரே ஒரு கூட்டலுக்கே இந்தக் கதி. எனவே சோதனையில் பிழை அகப்பட்டால் பிழை இருக்கிறது என்று சொல்லலாம். அகப்படவில்லை என்பதற்காகப் பிழையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முழு உறுதி ஒருநாளும் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? பாலாற்றுத் தீர்ப்பின் முதல் கோட்பாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. உறுதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் தடுப்பை முதலிலேயே வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தெராக்-25 சாட்சி.

256இல் ஒருமுறை வந்த பூஜ்யம்

தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் எந்திரம். ஏ.இ.சி.எல். என்ற கனடா நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. மேலோட்டமான கட்டிகளுக்கு எலெக்ட்ரான் கற்றை, ஆழத்தில் இருப்பவற்றுக்கு எக்ஸ் கதிர் என இரண்டு வகையில் அது இயங்கும். எக்ஸ் கதிர் முறையில் மிக வலுவான எலெக்ட்ரான் கற்றை ஓர் உலோக இலக்கில் மோதி எக்ஸ் கதிராக மாறும். நடுவில் அந்த இலக்கு இல்லாமல் போனால் முழுக் கற்றையும் நேராக நோயாளியின் உடம்பில் பாயும்.

இதற்கு முந்தைய மாடல்களில் அப்படி நேராதபடி தடுக்கத் தனி மின்பூட்டுகள் இருந்தன. தெராக்-25இல் அவற்றை எடுத்துவிட்டு, அந்தக் காவலை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய மாடல்களுக்கு எழுதிய நிரலின் பகுதிகளையே எடுத்தாண்டார்கள். நிரலில் பெரும்பகுதி ஒரே மனிதர் எழுதியது. ஆவணங்கள் மிகக் குறைவு. 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வில் நிரல் பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு பேருக்கு இந்த எந்திரம் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் குறைந்தது மூன்று பேர் அதனாலேயே இறந்தார்கள்.

டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் 1986 மார்ச்சில் நடந்ததைப் பார்ப்போம். எந்திரத்தை இயக்கியவர் பழக்கத்தில் எக்ஸ் கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே போய் அதை எலெக்ட்ரானுக்கு மாற்றினார். திரையில் மாறியது. எந்திரத்தின் காந்தங்கள் தயாராக ஏறக்குறைய 8 நொடி ஆகும். அந்த இடைவெளிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் இன்னொரு பகுதி கவனிக்கவில்லை. நோயாளியின் மேல் அளவு மீறிய கதிர் பாய்ந்தது. கோளாறு 54 என்று மட்டும் திரை சொன்னது. அதற்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்குப் புரியும்படி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து முயன்றும் கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. எந்திரம் அளவு மீறிக் கதிர் செலுத்த வாய்ப்பே இல்லை என்றார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். அதன்பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், எந்திரத்தை இயக்கியவரோடு உட்கார்ந்து, அவர் தட்டிய அதே வேகத்தில் மறுபடி மறுபடி தட்டச் சொல்லிக் கோளாறை வரவழைத்துக் காட்டினார். வேகமாகத் தட்டினால்தான் அந்தப் பிழை தலைகாட்டும்.

1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் நடந்த விபத்துக்குக் காரணம் வேறொரு பிழை. எந்திரத்தின் பாகங்கள் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நிரலில் ஓர் எண் தீர்மானித்தது. பூஜ்யம் என்றால் பார்க்க வேண்டாம். வேறு எந்த எண்ணானாலும் பார்க்க வேண்டும். எழுதியவர், பார்க்க வேண்டும் என்று குறிப்பதற்கு ஒரு நிலையான எண்ணை வைக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பைட். ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மறுபடி பூஜ்யமாகிவிடும். ஆகவே 256 சுற்றுக்கு ஒருமுறை, எதையும் பார்க்க வேண்டாம் என்று அந்த எண் சொன்னது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினார். திருத்தம் என்னவோ ஒரே வரிதான்: கூட்டுவதற்குப் பதில் நிலையான ஓர் எண்ணை வைத்துவிட்டார்கள்.

இந்தத் திருத்தத்தை ஓர் உயிர் போவதற்கு முன்பே, இன்னொருவர் அந்த நிரலைப் படித்திருந்தால் செய்திருக்கலாம். எடுத்துவிட்ட மின்பூட்டு இருந்திருந்தால் பிழை இருந்தும் ஆபத்து வந்திருக்காது. மறுவாசிப்பும் இரண்டாவது காவலும்தான் மென்பொருளில் முன்னெச்சரிக்கை.

பொய் சொன்னது யார்?

இரண்டாவது கோட்பாடான நிரூபிக்கும் பொறுப்புக்கு பிரிட்டனின் அஞ்சல் துறை பாடம். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினார்கள். அதை உருவாக்கித் தந்தது ஃபுஜிட்சு நிறுவனம். கிளைகளின் கணக்கில் பணம் குறைவதாக ஹொரைசன் காட்டத் தொடங்கியது. கிளை நடத்தியவர்கள் கைக்காசு போட்டு ஈடுகட்டினார்கள்; முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் திவாலானார்கள்.

அவர்களால் ஏன் தப்பிக்க முடியவில்லை? மறுத்துக் காட்டாதவரை கணினி சரியாகவே வேலை செய்திருக்கிறது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்பதே அங்கே நடைமுறையாகிவிட்டது. மென்பொருளின் உள்ளே பார்க்க வழியில்லாத, கிளை நடத்தும் ஒரு சாதாரண மனிதர், மென்பொருளில் பிழை இருக்கிறது என்று காட்டவேண்டிய நிலை. பிழைகளின் பட்டியலோ எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. 2019 டிசம்பரில்தான் லண்டன் உயர் நீதிமன்றம், 555 பேர் தொடுத்த வழக்கில், பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2024 மே மாதம் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

பாலாற்றங்கரை விவசாயியை அந்தக் கிளை நடத்தியவரின் இடத்தில் வைத்துப் பாருங்கள். எந்த டேனரியின் எந்தக் குழாயிலிருந்து வந்த உப்பு தன் கிணற்றில் இறங்கியது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றால், ஆயுளுக்கும் முடியாது. அதனால்தான் நமது உச்ச நீதிமன்றம் பொறுப்பை மறுபுறம் மாற்றியது. உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் வழி யாரிடம் இருக்கிறதோ அவரே நிரூபிக்கட்டும் என்பது மென்பொருளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் நியாயம்.

பாலாற்றங்கரையில் ஒரு மீட்டர்

இப்போது இரண்டு கதைகளும் நம் ஊரில் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை இணையவழியில் தொடர்ந்து அளக்கும் கருவிகளை வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் பதனிடுதல் அந்தப் பட்டியலில் உண்டு. இன்று பாலாற்றைக் காக்கும் கண்களில் ஒன்று மென்பொருள்.

அதன் உள்ளே ஓர் எண் எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்போம். நீரில் மூழ்கிய உணரி ஒன்று, லிட்டருக்கு 0 முதல் 500 மில்லிகிராம் வரை அளக்கிறது என்று கொள்வோம். உணரி தன் அளவைக் கம்பி வழியாக மின்னோட்டமாக அனுப்புகிறது. தொழிற்சாலைக் கருவிகளில் பொது வழக்கம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். அளவு பூஜ்யமானால் 4, பாதியானால் 12, முழு அளவுக்கு 20. பூஜ்யத்துக்கு ஏன் 4? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். மாசு இல்லை என்பதும் மீட்டர் செத்துவிட்டது என்பதும் வேறு வேறு என்று காட்டுவதற்காகக் கருவிப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துவைத்த ஏற்பாடு அது.

இனி நிரல் எழுதுபவரின் முறை. வந்த மின்னோட்டத்திலிருந்து 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, 500ஆல் பெருக்கினால் அளவு கிடைக்கும். ஒருநாள் கம்பி அறுகிறது. மின்னோட்டம் 0. கணக்குப் போட்டால் விடை மைனஸ் 125. மாசு எதிர்மறையாக இருக்க முடியாதே என்று நினைக்கும் ஓர் இளம் நிரலாளர், விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என ஒரு வரி சேர்த்துவிடுகிறார் என்று வையுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான், திரையும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியால், செத்துப்போன மீட்டர் நீர் படுசுத்தம் என்று வாரியத்துக்கு அறிக்கை அனுப்பும். யாக்கிமாவில் உயிரைப் பறித்த பூஜ்யம் இங்கே ஆற்றைப் பறிக்கும்.

பொறியியல் படித்தவர் இதை வேறு விதமாகச் செய்வார். அளவையும் கருவியின் நிலையையும் தனித்தனியாகச் சேமிப்பார். அளவு வராத நேரத்தை, வரவில்லை என்றே பதிவார். வந்த மின்னோட்டத்தைத் திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி வைப்பார். கருவியைச் சீரமைத்தவர் யார், எந்த நேரத்தில் என்பதற்கும் பதிவு வைப்பார். ஒப்படைக்கும் முன் கம்பியைப் பிடுங்கிப் பார்த்து, திரையில் என்ன வருகிறது என்று சோதிப்பார். இவற்றில் எதற்கும் மேதைமை தேவையில்லை. ஒழுங்கும், ஆற்றோரம் குடியிருப்பவர் தன் வேலையை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறார் என்ற நினைப்பும் போதும்.

தொழிலுக்கு ஒரு சட்டம் வேண்டாமா?

வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கட்டட வடிவமைப்பாளருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவர் பதிவு பெறாமல் தொழில் செய்ய முடியாது. பொறியாளருக்கு இந்தியாவில் அப்படிப்பட்ட மத்தியச் சட்டம் இல்லை. மென்பொருள் பொறியாளர் என்று யார் வேண்டுமானாலும் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1998இல் மென்பொருள் பொறியாளருக்கு உரிமம் தர முன்வந்தது. ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கம், இந்தத் துறை அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று 1999இல் ஒதுங்கிக்கொண்டது. 2013இல் தேசிய அளவில் உரிமத் தேர்வு தொடங்கினார்கள். முதல் ஐந்து முறை நடந்த தேர்வுகளுக்கு மொத்தமே 81 பேர்தான் வந்தார்கள். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். தனிமனிதருக்கு உரிமம் கொடுத்துத் தொழிலை ஒழுங்குபடுத்தும் வழி அங்கே இப்படி முடிந்தது.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய பொருள் பொறுப்பு ஆணையில், மென்பொருளும் ஒரு பொருளே என்று வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள். 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வருபவற்றுக்கு அது பொருந்தும். குறைபாட்டால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் தயாரித்தவர் ஈடு தரவேண்டும். தொழில்நுட்பச் சிக்கலால் பாதிக்கப்பட்டவருக்கு நிரூபிப்பது மிகக் கடினமாக இருந்தால், குறைபாடு இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. பாலாற்றுத் தீர்ப்பின் இரண்டாவது, மூன்றாவது கோட்பாடுகளின் சாயலை இதில் காண்கிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு இது புதிதல்ல. உடம்பில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பாவில் விதி. ஆம்பூரில் தைத்த ஷூ அந்த வரம்புக்குள் இருந்தால்தான் அங்கே விற்க முடியும். ஷூவுக்கு இருக்கும் கண்டிப்பு மென்பொருளுக்கும் வருவதை நாம் வரவேற்க வேண்டும்.

கோட்பாடு வந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது என்பதையும் பாலாறு காட்டியிருக்கிறது. தீர்ப்புக்குப் பின் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 குடும்பங்களுக்கு ஈடு தரச் சொன்னது. வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. பாக்கியை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்றுகூட அது உத்தரவிட வேண்டியிருந்தது. சேதத்துக்குப் பின் ஈடு வாங்குவது இவ்வளவு கடினம். வேலையை முதலிலேயே சரியாகச் செய்வதும், செய்ததற்குப் பதிவு வைப்பதும் அதைவிடப் பல மடங்கு எளிது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கணினித் துறை ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1996 தீர்ப்பை முதலாமாண்டிலேயே உங்கள் மாணவர்களுக்கு ஒருமுறை வகுப்பில் சொல்லுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட் வாங்கும்போது, ஓடுகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தெந்த நிலையில் இது தவறும், தவறினால் யார் பாதிக்கப்படுவார், தவறாது என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறாய் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சான்று காட்ட முடியாத புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். இந்தக் கண்டிப்பில் பழகிய மாணவர்தான் நாளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ஆற்றங்கரை மீட்டருக்கும் நம்பி மென்பொருள் எழுதக் கொடுக்கத் தக்கவர்.